பேரேடு கடையிலே... படம் மேகத்திலே!

(இரண்டாமாண்டு கணிப்பொறிப் பிரிவு மாணவி, செக்காலை)



நம் பாலிடெக்னிக்கில் யாரைப் பிடித்து "அடுத்து என்ன கத்துக்கப் போறே?" என்று கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. எங்கள் பிரிவு என்றால் பைத்தான், ஜாவா, இப்போது புதிதாக ஏ.ஐ. மெக்கானிக்கல் அண்ணன்மார் என்றால் ஆட்டோகேட், சி.என்.சி. "கணக்குப் பார்க்கக் கத்துக்கப் போறேன்" என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அது பி.காம். படிக்கிறவங்க வேலை, நமக்கெதுக்கு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மலரில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது செல்ஃப் சர்வீஸ் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் கருவிகளைப் பற்றி. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. ஒரு வியாபாரத்தின் கணக்கை எடுத்து, எந்தச் சரக்கு ஓடுது, எது தூங்குது, யார் பாக்கி வைத்திருக்கிறார், போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் என்ன வித்தியாசம் என்று படமாகவும் பட்டியலாகவும் காட்டுகிற மென்பொருள்தான் அது. முன்பெல்லாம் முதலாளிக்கு இப்படி ஒரு அறிக்கை வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஆளிடம் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார். அறிக்கை கைக்கு வருவதற்குள் கேட்ட கேள்வியே முதலாளிக்கு மறந்துபோயிருக்கும்! இப்போது அவரே மவுஸைப் பிடித்து இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய டேப்லோ, 2015-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பவர் பிஐ, நம் தமிழ்நாட்டு ஸோஹோவின் அனலிடிக்ஸ் என்று பல கருவிகள் வந்துவிட்டன.

விற்கிறவர்கள் சொல்லும் வாசகம், "இனிமே டெக்னிக்கல் ஆளே தேவையில்லை" என்பது. இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்ஃப் சர்வீஸ் ஹோட்டலில் டோக்கன் வாங்கி நாமே தட்டை எடுத்துக்கொள்கிறோம். பரிமாற ஆள் இல்லை. அதனால் உள்ளே மாவாட்டவும் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? முதலாளி தன் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டுமென்றால், அவர் தட்டில் வந்து விழுகிற கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சமையல்கட்டில் நிற்கப் போகிறவர் யார்? நாமாக ஏன் இருக்கக் கூடாது?

சமையல்கட்டு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? கணக்கு இன்று ஒரே இடத்தில் இல்லை. செக்காலை ரோட்டில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில்லும் சரக்கு இருப்பும் டேலியில். அந்த டேலி எங்கே இருக்கிறது? கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்திப் புகை படிந்த ஒரு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில். ஜி.பி.யில், போன்பேயில் வந்த பணம் வங்கியின் சர்வரில். 2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி.யின் கணக்கு அரசாங்க போர்ட்டலில். ஆன்லைனில் ஆர்டர் எடுத்தால் அந்தக் கணக்கு எவனோ ஒரு கம்பெனியின் மேகத்தில், அதாவது கிளவுடில். ஆகப் பாதி வீட்டில், பாதி வெளியூரில். இரண்டையும் ஒரு திரையில் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கருவிகளின் பெரிய வித்தை. பெரிய தலைவலியும் அதுவே.

இந்தத் தலைவலி நம் ஊருக்குப் புதுசில்லை. காரைக்குடியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் ரங்கூன், பினாங்கு என்ற பெயர்கள் தாத்தா காலத்துப் பேச்சில் கேட்டுப் பழகியவை. 1929-30-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. முதலாளி இங்கே செட்டிநாட்டில். கடை அங்கே, மூன்று வருஷ முறைக்குப் போன ஏஜெண்டின் பொறுப்பில். அன்றாடம் நடந்தது குறிப்பேட்டில் ஏறும், அதிலிருந்து ஆள் ஆளாகப் பிரித்துப் பேரேட்டில் ஏறும், கடைசியில் பற்றும் வரவும் சரிபார்த்து ஐந்தொகை கட்டப்படும். பேரேடு கடையிலேயே இருக்கும். ஊருக்குக் கப்பலில் வருவது சுருக்கம்தான். முதலாளிக்குச் சந்தேகம் வந்தால் கடிதம் எழுதுவார். கேள்வி கப்பல் ஏறும், பதில் இன்னொரு கப்பலில் வரும். இப்போது பவர் பிஐயில் டைரக்ட் குவெரி என்று ஒரு முறை இருக்கிறது. கணக்கை நகல் எடுக்காமல், கேள்வியை மட்டும் கடைக்கு அனுப்பிப் பதில் வாங்கி வரும். நம்ம ஊர்க்காரங்க அதைக் கப்பலிலேயே நடத்தியிருக்காங்க!

எங்கள் குடும்பத்தில் யாரும் ரங்கூன் கடை வைத்ததில்லை, அங்கே மூட்டை தூக்கவும் போனதில்லை. அதனால் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தக் கடைகளில் வேலைக்குச் சேரும் பையனை எடுத்தவுடன் ஐந்தொகை கட்ட விடவில்லை. பெட்டியடிப் பையன் என்று பணப்பெட்டி அருகே உட்கார வைத்தார்கள். எடுபிடி வேலை, எழுதப் பழக்கம், வட்டிக் கணக்கு என்று படிப்படியாகத்தான் அடுத்தாள் ஆனான், பிறகு ஏஜெண்டு. மாகாணி, முந்திரி என்று சின்னஞ்சிறு பின்னம் வரை வாயிலேயே கணக்குப் போட்டார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு! 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறக்க முடிந்தது என்றால், கடல் தாண்டிக் கணக்கு வைக்கத் தெரிந்த ஆட்கள் முன்பே தயாராக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாமோ யூடியூபில் 40 நிமிஷ வீடியோ பார்த்து நேராகப் படம் போட ஆரம்பிக்கிறோம்.

சரி, இன்றைய கப்பல் எது? கேட்வே என்கிற ஒரு சின்ன மென்பொருள். ஸோஹோவில் அதற்குப் பெயர் டேட்டாபிரிட்ஜ். அதைக் கடைக் கம்ப்யூட்டரிலோ, அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொன்றிலோ போட்டு வைக்க வேண்டும். மேகத்திலிருந்து யாரும் கடைக்குள் நுழைவதில்லை. கேட்வேதான் உள்ளே இருந்து வெளியே எட்டிப் பார்த்து, "ஏதாவது கேள்வி வந்திருக்கா?" என்று கேட்டு, கணக்கை எடுத்துப் பூட்டிய உறையில் அனுப்புகிறது. அதனால் கடையின் ஃபயர்வாலில் உள்வாசல் எதையும் திறந்துவிடத் தேவையில்லை. கணக்கு முழுவதும் மேகத்திலேயே இருந்தால் கேட்வே வேண்டாம். ஆனால் ஒரே குவெரியில் கடைக் கணக்கோடு மேகக் கணக்கையும் சேர்த்துக் குழைத்தால், மேகக் கணக்கும் அந்தக் கடை வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும். இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

கேட்வேக்கு ஒரு பலவீனம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதுவும் ஓடும். நம் ஊர்க் கடைகளில் ராத்திரி ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தும்போது மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். பவர் பிஐயில் கணக்கைப் புதுப்பிக்கும் நேரத்தை விடியற்காலை 2 மணி என்று வைத்திருந்தால்? முதல் நாள் தோல்வி, இரண்டாம் நாள் தோல்வி. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அந்த அட்டவணையே தானாக நின்றுவிடும். திரையில் படம் மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கும். முதலாளி வெள்ளிக்கிழமை காலையில் பார்ப்பது திங்கட்கிழமை கணக்கு! அதை நம்பி நூறு மூட்டை சர்க்கரை ஆர்டர் போட்டால் நஷ்டம் யாருக்கு? "டெக்னிக்கல் ஆள் தேவையில்லை" என்று சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

இதைவிட மோசமான தப்புகள் சத்தமே போடாது. நான் பழகிப் பார்த்ததில் அடிக்கடி கண்ணில் பட்டவை சிலதைச் சொல்கிறேன். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. மென்பொருளில் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால் அதற்கு மார்ச் 4. அதாவது போன நிதியாண்டு! 25/04 என்று இருந்தால் பிழை காட்டும், ஏனென்றால் 25-வது மாதம் கிடையாது. 12-ம் தேதி வரை உள்ளதெல்லாம் பிழை காட்டாமல் இடம் மாறி உட்கார்ந்துவிடும். முருகன் ஸ்டோர், முருகன் ஸ்டோர்ஸ் இரண்டும் நமக்கு ஒரே கடை, மென்பொருளுக்கு இரண்டு பேர். மார்ச் 31-ல் டேலியில் ஏறிய விற்பனைக்கு வங்கியில் பணம் ஏப்ரல் 1-ல் விழுந்திருக்கும். இரண்டையும் விற்பனை என்று கூட்டினால் ஒரே பணம் இரண்டு தடவை வந்த மாதிரி ஆகும். இது பற்று வரவு தெரிந்தவனுக்கு ஒரு நொடியில் புரியும். மவுஸ் மட்டும் தெரிந்தவனுக்குப் புரியாது, அவன் கூட்டிவிட்டு "சேல்ஸ் ஏறியிருக்கு சார்" என்பான். இன்னொன்று சின்னது, ஆனால் எனக்கு எரிச்சல். 12,50,000 ரூபாயை அது 1.25 மில்லியன் என்று காட்டும். நம்ம அண்ணாச்சிகளிடம் போய் மில்லியன் என்றால் தட்டை அப்படியே திருப்பி வைத்துவிடுவார்கள். லட்சம் காட்டுவதற்குத் தனியாக வடிவம் எழுத வேண்டும். உலகத்துக்கே ஆன கருவி என்கிறார்கள், நூறு கோடிக்கு மேல் மக்கள் லட்சத்தில் எண்ணுகிற நாட்டை மறந்துவிட்டார்கள்!

இனி எனக்கு மனசில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கணக்கை யார் பார்க்கலாம்?

எங்கள் அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு மூட்டைக் கூலி. எத்தனை மூட்டை என்பது மேஸ்திரியின் நோட்டில் இருக்கும், சனிக்கிழமை பணம் வரும். "எத்தனைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டால், "நோட்டுல இருக்குய்யா" என்ற பதில்தான். நோட்டைக் காட்டியதில்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அப்பா ராத்திரி சாப்பிடும்போது அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார், நான் என் பழைய கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். போன வருஷம் அதில் மூன்று மாதத்தை எடுத்து பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ஏற்றினேன். ஒரு பக்கம் அப்பா சொன்ன மூட்டை, மறுபக்கம் கைக்கு வந்த கூலியை மூட்டை விலையால் வகுத்த எண். 13 வாரத்தில் 4 வாரம் பொருந்தவில்லை. எல்லாமே குறைவு. ஒரு வாரம்கூடக் கூடுதலாக இல்லை.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்து படிக்கமாட்டார், ஆனால் படத்தில் எந்தக் குச்சி உயரம், எந்தக் குச்சி குட்டை என்று தெரியுமே. "இதை யார்கிட்டயும் காட்டாதம்மா, வேலை போயிடும்" என்றார். நான் காட்டவில்லை.

அந்தக் கருவியில் ரோ லெவல் செக்யூரிட்டி என்று ஒன்று இருக்கிறது. ஒரே கணக்கைப் பத்துப் பேர் திறந்தாலும் அவரவர் வரி மட்டும் அவரவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்யலாம். கம்பெனிகளில் இதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? மதுரை மேனேஜருக்குத் திருச்சி விற்பனை தெரியக் கூடாது என்பதற்கு. அதே வசதியை வைத்து, கூலிக்காரர் ஒவ்வொருவரும் தன் போனில் தன் மூட்டைக் கணக்கை மட்டும் பார்க்கும்படியும் செய்யலாமே! அதற்குத் தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. 2021 டிசம்பரில் முதலமைச்சருக்கென்று ஒரு டாஷ்போர்டு திறந்தார்கள், திட்டங்களெல்லாம் எங்கே நிற்கிறது என்று அவர் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். நல்லதுதான். மேலே இருப்பவருக்குக் கீழே தெரிகிறது. கீழே இருப்பவருக்குத் தன் வரியாவது தெரிய வேண்டாமா? செல்ஃப் சர்வீஸ் என்ற வார்த்தையில் அந்த செல்ஃப் யார் என்று நாம்தான் கேட்க வேண்டும். விற்கிற கம்பெனிக்காரன் கேட்கமாட்டான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணக்கெல்லாம் மேகத்துக்குப் போய்விட்டால் முதலாளிக்கே அது சொந்தமா? 2025 ஜூலையில் ஒரு சம்பவம். குஜராத்தில் வாடினார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையை அடுத்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சல்கூட முடங்கியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அந்த மாத இறுதியிலேயே சேவை திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். செக்காலை ரோட்டுக் கடைக்கு?

அதற்காக எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பின்னாலேயே வைத்துக்கொள் என்றும் சொல்லமாட்டேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தள கம்ப்யூட்டர்கள் என்ன கதியாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வேண்டாம், ஒரு எலி போதும். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது நிலத்தையும் கடையையும் தூக்கிக்கொண்டு யாரும் ஓடி வர முடியவில்லை. அப்போது பேரேடு வெறும் காகிதம் இல்லை, தனக்கு என்ன வர வேண்டும் என்பதற்கான சாட்சி. என் யோசனை இதுதான்: மூலக் கணக்கு கடையில் இருக்கட்டும், அதன் நகல் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும், மேகத்துக்குக் கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் போகட்டும். வாடிக்கையாளரின் போன் நம்பர் இல்லாமலே எந்த எண்ணெய் ஓடுது என்று படம் போடலாமே. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆளுடைய விவரத்தைக் கண்டபடி ஏற்றி அனுப்புகிற காலம் இனி இல்லை.

இதெல்லாம் கற்க நமக்கு வழி இருக்கிறதா? பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் இருந்தால் போதும். ஆனால் போட்ட படத்தை மேகத்தில் ஏற்றிப் பழக, ஜிமெயில் முகவரியை அது ஏற்காது. அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் கேட்கும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது? மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள ப்ரோ கணக்கு வேண்டும். அமெரிக்க விலை 2025 ஏப்ரலில் மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலர் ஆனது. எனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாய் அதற்குப் பற்றாது! மெட்டாபேஸ் என்று ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்று உண்டு. லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதை நிறுவினால், காசு இல்லாமல், கணக்கு வளாகத்தை விட்டு வெளியே போகாமல் எல்லாரும் பழகலாம். எக்செல் 2016 முதல் பவர் குவெரி உள்ளேயே வருகிறது, தேதியையும் பெயரையும் சுத்தம் பண்ணப் பழக அதுவே போதும்.

படித்து முடித்த அண்ணன்மார் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் கடைவீதிகளில் டேலியும் வங்கியும் ஜி.எஸ்.டி.யும் ஒன்றோடு ஒன்று பேசாமல் கிடக்கின்றன. அதைப் பேச வைக்கத் தெரிந்த ஆள் வாரம் ஒரு நாள் வந்து பார்த்தால் போதும் என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பற்று வரவும் தெரிந்து, வயரும் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

மாணவர் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லா மாணவர்களுக்கும் நிர்வாகம் கல்லூரி மின்னஞ்சல் முகவரி தர வேண்டும். சனிக்கிழமை மதியம் காலியாகக் கிடக்கும் இரண்டாம் லேபைத் திறந்துவிட வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கர் யாராவது ஒருவரை அழைத்து, பேரேடும் ஐந்தொகையும் எப்படி எழுதுவது என்று நான்கு வாரம் வகுப்பு நடத்த வேண்டும். சங்க அறையில் கையெழுத்துத் தாள் இருக்கிறது, எந்தப் பிரிவினரும் போடலாம். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை 31 பேர் போட்டிருக்கிறார்கள், அதில் 9 பேர் மெக்கானிக்கல்.